நெத்திலிக்கு எந்த ஒயின்? நம் வீட்டுச் சாப்பாட்டோடு இந்திய ஒயினைச் சேர்க்கும் வழி

முதல் பாட்டிலாகச் சிவப்பு ஒயின் வாங்காதீர்கள். ஒயின் என்றாலே சிவப்புதான் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. உடம்புக்கு நல்லதாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கி வருவார்கள். அலமாரியில் ஒரு வாரம் கிடக்கும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரமான மீன் குழம்போடு திறப்பார்கள். தொண்டை எரியும், நாக்கு துவர்த்துப் போகும், வாயில் ஒரு கவிச்சி நிற்கும். 'இதுக்கா இவ்வளவு காசு' என்று மீதியை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு பீருக்கே திரும்பிவிடுவார்கள். பாட்டிலில் ஒரு குறையும் இருந்திருக்காது. அந்தக் குழம்புக்கும் அந்த ஒயினுக்கும் பொருத்தம் இல்லை.

நான் புதுச்சேரி வைட் டவுனில் ஒரு ரெஸ்டாரண்டில் பல வருஷம் பரிமாறும் வேலை பார்த்தவன். மேஜையில் பிரெஞ்சுச் சாப்பாடு, வீட்டுக்கு வந்தால் குருசுக்குப்பத்து மீன் குழம்பு. வேலையில் முதல் வாரமே சொல்லித்தரும் சட்டம், 'மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு'. வெண்ணெயில் வாட்டி உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்ட மீனுக்கு அது சரிதான். நம் வீட்டில் மீன் அப்படித் தனியாகத் தட்டுக்கு வருவதில்லையே. புளி, மிளகாய், தேங்காய், மிளகு, எண்ணெய் இவற்றில் ஏதாவது ஒன்று அதை ஆள்கிறது. அதனால் ஒயின் எடுப்பதற்கு முன் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்தத் தட்டில் எது தூக்கலாக இருக்கிறது? மீனா கறியா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

எந்த ஊர் ஒயின்

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் எதை எதையோ விட்டுப் போனார்கள், திராட்சைத் தோட்டத்தை மட்டும் விடவில்லை. நம் கடற்கரைச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஒயின் திராட்சை தாங்காது. நமக்குப் பக்கம் என்றால் பெங்களூரை ஒட்டிய நந்தி மலை அடிவாரம். குரோவர் அங்கேதான் 1988-ல் தொடங்கினார்கள், இப்போது குரோவர் சாம்பா என்று பெயர். மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் சூலா. அவர்களுடைய முதல் பாட்டில்கள் 2000-ல் கடைக்கு வந்தன. சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் ஃபிராடெல்லி. இந்த மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் போதும்.

இந்தத் தோட்டங்களில் மழை விட்டதும் கவாத்து செய்து, குளிர்காலத்தில் காய்க்கவிட்டு, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறித்துவிடுவார்கள். ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில்தான் அறுவடை. அதனால் ஒரே வருஷம் போட்டிருந்தாலும் இந்திய பாட்டில் அரை வருஷத்துக்கு மேல் மூத்தது. லேபிளில் உள்ள வருஷத்தைப் பார்த்து வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளையும், ரோஸே என்கிற இளஞ்சிவப்பு ஒயினும் புதிதாக இருக்கும்போதுதான் ருசி. மூன்று வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் நான் தொடுவதில்லை.

முதலில் ஒரு தட்டுச் சோதனை

சாப்பாட்டோடு குடிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள், பத்து நிமிஷ வேலை. சூலா ஷெனின் பிளாங்க் ஒரு பாட்டில் வாங்கி நன்றாகக் குளிர வையுங்கள். ஷெனின் பிளாங்க் என்பது வெள்ளைத் திராட்சையின் பெயர். இந்த ஒயினில் லேசான இனிப்பு உண்டு. நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் போடும் திராட்சை ஒயினைக் குடித்துப் பழகிய நாக்குக்கு, கொஞ்சமும் இனிப்பில்லாத ஒயின் முதல் வாயிலேயே கசந்துபோகும். அதனால்தான் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

ஒரு தட்டில் எலுமிச்சைத் துண்டு, கொஞ்சம் உப்பு, வறுத்த மோர் மிளகாய் ஒன்று, ஒரு கடி வெல்லம், நான்கு முந்திரி. முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய் குடியுங்கள். அப்புறம் எலுமிச்சையை நக்கிவிட்டு ஒரு வாய். ஒயினில் இருந்த புளிப்பு காணாமல் போய் இனிப்பு தூக்கலாகத் தெரியும். உப்புக்குப் பிறகு குடித்தால் ஒயின் மெத்தென்று ஆகும். வெல்லத்துக்குப் பிறகு அதே ஒயின் இனிப்பே இல்லாமல் புளித்ததாக மாறும். மோர் மிளகாய்க்குப் பிறகு எரிச்சல் ஒரு படி ஏறும், ஆனால் குளிர்ச்சியும் இனிப்பும் அதை உடனே பிடித்து இறக்கும். முந்திரி கடித்துவிட்டுக் குடித்தால் வாயில் படிந்த எண்ணெயை ஒயினின் புளிப்பு வழித்துக்கொண்டு போகும்.

நம் சாப்பாட்டுக்குத் தேவையான பாடம் முழுக்க அந்தத் தட்டிலேயே இருக்கிறது. சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தின்றுவிடும், ஆகவே புளி போட்ட உணவுக்குப் புளிப்பு கூடிய ஒயின் வேண்டும். இனிப்புப் பண்டத்துக்கு அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும். காரத்துக்கு ஆல்கஹால் குறைவாக, குளிர்ச்சியாக, கொஞ்சம் இனிப்பாக வேண்டும். மிளகாயின் எரிச்சலை நாக்கில் எந்த நரம்பு முனை உணர்கிறதோ, ஆல்கஹாலின் சூட்டையும் அதே முனைதான் உணர்கிறது. காரம் ஏற ஏற ஒயின் சாராயம் போல் சுடுவது அதனால்தான்.

நெத்திலி, வஞ்சிரம், மீன் குழம்பு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் ஊரில் ஒயினுக்கு நெத்திலி வறுவலை விட நல்ல துணை கிடையாது.

கடலூரில் இருக்கும் என் மச்சினன் ஒயின் என்றால் சிரிப்பான். ஒரு தடவை வீட்டுக்கு வந்தவனுக்குக் குரோவர் சோவின்யோன் பிளாங்க் ஊற்றிக் கொடுத்தேன். இதுவும் வெள்ளைதான், ஆனால் இனிப்பில்லாதது, புளிப்பு தூக்கல், பச்சை இலை வாசனை கொஞ்சம் அடிக்கும். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன மாமா, லெமன் ஜூஸ்ல சக்கரை போட மறந்துட்டாங்களா?" என்றான். "பேசாம இதத் தின்னுட்டுக் குடிடா" என்று தட்டை நகர்த்தினேன். காலையில் பெரிய மார்க்கெட்டில் வாங்கிய நெத்திலி, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு புரட்டிப் பொரித்தது, மேலே பொரித்த கறிவேப்பிலை. நான்கைந்து மீனை முள்ளோடு மென்றுவிட்டுக் குடித்தான். ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் நான்கு மீன், இன்னொரு வாய். அப்புறம் கிளாஸை நீட்டினான்.

அங்கே நடந்தது இதுதான். பொரித்த எண்ணெயும் உப்பும் சேர்ந்து ஒயினின் கூரான புளிப்பை மழுக்கின. மீன் மேல் பிழிய வேண்டிய எலுமிச்சையின் வேலையை ஒயின் செய்தது. கறிவேப்பிலையின் பச்சை வாசனையும் அந்தத் திராட்சையின் பச்சை வாசனையும் ஒரே பக்கம் நின்றன. ஆகவே சோவின்யோன் பிளாங்க் ஊற்றினால் மீனில் எலுமிச்சை பிழியாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் பல் கூசும்.

வஞ்சிரம் வறுவலுக்கும் இதே ஒயின். சங்கரா வறுவலுக்கு மசாலா தடித்துப் பூசியிருந்தால் ஷெனின் பிளாங்க். சுறாப் புட்டுக்கு இரண்டில் எதுவும் சரி. அதில் பூண்டும் இஞ்சியும் நிறைய, காரம் குறைவு, ஒயினோடு சண்டை போடாது.

புளி கரைத்த மீன் குழம்பு கொஞ்சம் சிக்கலான விஷயம். புளிப்பும் காரமும் சேர்ந்தே ஏறி நிற்கும் குழம்பு அது. இனிப்பில்லாத வெள்ளை ஒயின் புளியைச் சமாளிக்கும், காரத்தில் தோற்கும். ரொம்ப இனிப்பானது காரத்தைச் சமாளிக்கும், புளிக்கு முன் பாகு மாதிரி நிற்கும். நடுவில் நிற்பது ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். புளிப்பு நிறைய, ஓரளவு இனிப்பு. சூலாவில் ரீஸ்லிங் உண்டு, எல்லாக் கடையிலும் இருக்காது. கிடைக்கவில்லை என்றால் ஷெனின். அதோடு குழம்பைச் செய்த அன்றைக்கே வேண்டாம், மறுநாள் காலைப் பழங்குழம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி கழிந்தால் புளியும் காரமும் மீனுக்குள் இறங்கி அடங்கியிருக்கும், ஒயினுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். காலையில் குடிக்கச் சொல்லவில்லை, மத்தியானம் வரை அந்தக் குழம்பு தாங்கும்.

மீன் எதுவானாலும் துவர்ப்பான சிவப்பு ஒயின் மட்டும் வேண்டாம். சிவப்பு ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்தால் கவிச்சி எழும்பும். நெத்திலி, மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்களில் இது இன்னும் மோசம். முதல் பத்தியில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை கதையின் பாதிக் காரணம் இதுதான்.

தேங்காய், வடவம், பஜ்ஜி

தேங்காய்ப்பால் ஊற்றிய இறால், வெள்ளைக் குருமா, தேங்காய்ச் சட்னியோடு தோசை, இவற்றுக்கெல்லாம் வியோனியே என்ற வெள்ளைத் திராட்சை நன்றாகப் போகும். பூ வாசனை, பழ வாசனை, புளிப்பு குறைவு. நந்தி மலைக்காரர்கள் இதை நன்றாகச் செய்கிறார்கள். வடவம் தாளித்த புதுச்சேரிக் கறிக்கும் இதையே எடுப்பேன். சின்ன வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் வெயிலில் காய்ந்து வந்த அந்த வாசனைக்கு முன் மெலிந்த ஒயின் நிற்காது.

மாலைப் பலகாரத்துக்கு, ஷாம்பெய்ன் மாதிரி குமிழி பொங்கும் நுரை ஒயின். வாழைக்காய் பஜ்ஜி, மசால் வடை, பண்ருட்டி முந்திரியில் போட்ட பக்கோடா, எதுவானாலும் சரி. எண்ணெய்ப் பலகாரமும் நுரை ஒயினும் அவ்வளவு இயல்பாகச் சேரும் என்று யாரும் நம்மிடம் சொல்வதில்லை, ஏனென்றால் அந்த பாட்டிலைக் கல்யாண வரவேற்பிலும் பிறந்த நாளிலும் மட்டும்தான் பார்க்கிறோம். சூலா புரூட், நாசிக் பக்கம் திண்டோரியில் செய்யும் ஷாண்டோன் புரூட் இரண்டுமே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்தவை. புரூட் என்று போட்டிருந்தால் இனிப்பு மிகக் குறைவு. திறக்கும்போது மட்டும் கவனம், உள்ளே கார் டயரை விடக் கூடுதல் அழுத்தம் இருக்கிறது. நன்றாகக் குளிர வைத்து, கார்க் மேல் துண்டைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைச் சாய்த்து, பாட்டிலைத் திருக வேண்டும். கார்க்கைத் திருகக் கூடாது. சினிமாவில் காட்டுவது போல் குலுக்கி வெடிக்கவிட்டால் டியூப் லைட் போய்விடும், ஒயினும் பாதி போய்விடும்.

பஜ்ஜிக்குக் காரச் சட்னி வைக்காதீர்கள். தேங்காய்ச் சட்னி போதும்.

சிவப்பு எப்போது

இப்போது சிவப்புக்கு வரலாம். சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடும் விதையோடும் ஊறவைத்துச் செய்கிறார்கள். நிறமும் துவர்ப்பும் அங்கிருந்து வருபவை. அந்தத் துவர்ப்பு மிளகாயோடு சேராது, கொழுப்போடும் கறியின் சாறோடும் நன்றாகச் சேரும். ஆகவே சிவப்புக்கு உரிய மசாலா மிளகாய் இல்லை, மிளகு.

மட்டன் மிளகு வறுவலும் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினும் என் வீட்டில் நிலையான ஜோடி. மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையிலும் இருப்பதை 2008-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். என் மனைவிக்கு அந்தப் பெயர் தெரியாது, ஆனால் முதல் தடவை கிளாஸை முகர்ந்ததுமே, "இதுல மிளகு போட்டிருக்காங்களா?" என்றுதான் கேட்டாள். வறுவல் செய்யும்போது கொஞ்சம் கொழுப்பு விட்ட கறியாக வெட்டித் தரச் சொல்லுங்கள். மிளகாய்த் தூளை அறவே விட்டுவிட்டு, மிளகைக் கடைசியில் கொரகொரப்பாக இடித்துப் போடுங்கள். சோம்பு இருக்கலாம். தக்காளி ஒன்றுக்கு மேல் வேண்டாம், போனால் புளிப்பு ஏறி ஒயின் மெலிந்துவிடும். ஈரல் வறுவலுக்கும் இதே பாட்டில். குரோவரின் லா ரிசர்வ் கொஞ்சம் கனமானது, கேபர்னே சோவின்யோனும் ஷிராஸும் கலந்தது. அதை மட்டன் சுக்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், சாதாரணச் சிக்கனுக்கு அது அதிகம்.

பிரியாணிக்கு எல்லோரும் சிவப்பு கேட்பார்கள். நான் ரோஸே கொடுப்பேன். தோலோடு கொஞ்ச நேரம் மட்டும் ஊறியதால் இளஞ்சிவப்பு நிறம், துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை, குளிர வைத்துக் குடிக்கலாம். பிரியாணியில் நெய், தயிர், பட்டை, புதினா, காரம் எல்லாம் உண்டு, எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வளைந்து கொடுப்பது ரோஸேதான். சூலாவின் ஜின்ஃபாண்டெல் ரோஸேயில் ஒரு துளி இனிப்பும் உண்டு. பரோட்டா சால்னா, சிக்கன் 65, இறால் தொக்கு என்று என்ன வரப்போகிறது என்று தெரியாமல் யார் வீட்டுக்காவது போகும்போது நான் எடுத்துப்போவதும் இந்த பாட்டில்தான்.

ரசம், தயிர் சாதம், ஊறுகாய், இவற்றோடு எதையும் சேர்க்க முயல வேண்டாம். சாம்பாருக்கும் அப்படியே. அந்த வரிசை வரும்போது கிளாஸை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். கேசரி, பாயசத்துக்கு சூலாவின் லேட் ஹார்வெஸ்ட் ஷெனின் என்று ஒரு சின்ன பாட்டில் வருகிறது, கொடியிலேயே அதிகம் பழுக்கவிட்ட பழத்தில் செய்த இனிப்பு ஒயின். விருந்தாளி வந்தால் வாங்கலாம்.

குளிர்ச்சி, கிளாஸ், கடை

வெள்ளை, ரோஸே, நுரை மூன்றையும் ஃபிரிட்ஜில் குறைந்தது மூன்று மணி நேரம் வையுங்கள். சிவப்பை 'ரூம் டெம்பரேச்சரில்' குடிக்க வேண்டும் என்பார்கள். அது ஐரோப்பியக் கல் வீட்டின் ரூம், 16 முதல் 18 டிகிரி. நம் ரூம் பங்குனியிலேயே 32-ஐத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் எந்தச் சிவப்பும் ஆல்கஹாலாகத்தான் மூக்கில் ஏறும். குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் சிவப்பையும் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். யாராவது கிண்டல் செய்தால் செய்யட்டும்.

காலுள்ள கிளாஸ் இல்லை என்றால் ஜூஸ் கிளாஸ் போதும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், வாசனையும் நிறமும் தெரியாது. 750 மில்லி பாட்டிலில் ஐந்து கிளாஸ் வரும். 12, 13 சதவீதம் ஆல்கஹால், ஜூஸ் என்று நினைத்துக் குடிக்க வேண்டாம். நான்கு பேர் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு பாட்டில் சரியான அளவு.

கடை விஷயத்தில் நான் கறார். ஒயின்ஸ் என்று போர்டு போட்ட கடைகளில் பலவற்றில் விஸ்கியும் பிராந்தியும்தான் ஓடும். ஒயின் மேல் தட்டில், டியூப் லைட்டுக்கு அடியில் தூசி பிடித்து நிற்கும். ஏசி போட்ட, சரக்கு வேகமாகப் போகும் கடையாகப் பாருங்கள். கார்க் மேலே துருத்திக்கொண்டோ, கழுத்தில் ஒழுகிய பிசுக்கோ இருந்தால் அது வெயிலில் வெந்த பாட்டில். திருகு மூடியைப் பார்த்து மலிவுச் சரக்கு என்று நினைக்காதீர்கள், நல்ல இந்திய ஒயின் பல அப்படித்தான் வருகின்றன. வாங்கிய பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிட்டு பீச்சுக்குப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் டிக்கிக்குள் வெந்தால் ஜாம் வாசனை வந்துவிடும்.

கடலூர், விழுப்புரம் நண்பர்களுக்கு ஒன்று. இங்கே வாங்கியதை இங்கேயே குடித்துவிட்டுப் பஸ்ஸில் போங்கள். புதுச்சேரிச் சரக்கோடு எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொல்வார்கள், அங்கே ஒயினுக்கென்று தனிச் சலுகை கிடையாது. வயது வரம்பும் வேறு, புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21.

திறந்த பாட்டில் மீந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். வெள்ளை மூன்று நாள் தாங்கும், சிவப்பு ஒரு நாள் கூடுதலாகவே தாங்கும். நுரை ஒயினில் மறுநாளே நுரை போய்விடும். அதற்கு மேல் போனதைக் கீழே கொட்ட வேண்டாம். இறால் தொக்குக்கு வெங்காயம் வதங்கியதும் ஒரு தக்காளியைக் குறைத்துக்கொண்டு அரை கிளாஸ் வெள்ளையை ஊற்றிச் சுண்டவிடுங்கள். மீந்த சிவப்பில் மட்டனை இஞ்சி பூண்டு விழுதோடு இரண்டு மணி நேரம் ஊறவைத்து அப்புறம் குக்கரில் போடலாம், தயிர் மட்டும் சேர்க்காமல்.